சட்டைப் பையில் ஒரு கண்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து, பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் நாம் அமர்ந்திருந்தோம். கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவள் என்று எண்ணி, "அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள், அம்மா" என்றோம்.

"அதுக்கு வரலை, பாதர். உங்ககிட்ட பழைய டிஜிட்டல் காமிரா ஒண்ணு இருக்குன்னு எங்க ஆயா சொன்னாங்க. சும்மா கிடந்தா, எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா?"

நமக்கு வியப்பாயிருந்தது. அவள் கையிலிருந்த கைப்பேசியின் முதுகில் மூன்று கண்கள் இருந்தன. நம் அலமாரியில் உறங்கும் அந்தப் பெட்டியைவிட அவற்றுள் ஒவ்வொன்றும் கூர்மையானதே. அதைச் சொன்னோம். "அதான் பாதர் கஷ்டம். போன்ல எடுத்தா எல்லார் முகமும் ஒரே மாதிரி வழவழன்னு வருது. அதுல எடுத்தாத்தான் போட்டோ மாதிரி இருக்கும்" என்றாள். பெருநகரங்களில் இளைஞர்கள் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சிறு காமிராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்பதும் அவள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு வரச் சொல்லி அனுப்பினோம். உடனே எடுத்துக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

திருவண்ணாமலையில் நாம் பணியேற்பது இது இரண்டாம் முறை. முதன்முறை இங்கிருந்த ஆண்டுகளில்தான் அந்தச் சிறு காமிரா வீடுதோறும் நுழைந்தது. குருமடத்தில் நமக்குப் பாடம் சொன்ன குருக்களுள் ஒருவர் புகைப்படக் கலையில் பித்துக் கொண்டவர். விடுமுறை நாட்களில் இருட்டறையில் அவருக்கு எடுபிடி வேலை செய்த பழக்கம் நமக்கு உண்டு. இச்செய்தி எப்படியோ பங்கில் பரவிவிட்டது. ஆகவே, காமிரா வாங்கியவரும், வாங்கிக் கெடுத்தவரும், கெட்டதை யாரிடம் காட்டுவது என்று அறியாதவரும் நம்மிடம் வந்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தவர்களைவிட அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களே சில மாதங்களில் அதிகம் என்று உபதேசியார் கேலி செய்ததுண்டு.

நம் தலைமுறையினருக்கு முதல் காமிரா என்பது பெரும்பாலும் பரோடாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் மூன்று என்னும் கருப்புப் பெட்டியே. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். கொடியேற்றத்துக்கு இரண்டு, தேருக்கு நான்கு, ஆயர் வந்தால் மூன்று என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைப்போம். உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் உற்பத்தியில் இறங்கியது. அதன் 'இந்து' சுருளை வாங்கிப் போட்டு, எடுத்து, கழுவக் கொடுத்து, படம் கைக்கு வரும்போது திருவிழா முடிந்து மாதம் ஒன்று ஓடியிருக்கும். அதில் யாரேனும் கண் மூடியிருந்தால் மூடியதுதான்.

இந்நிலையை மாற்றிய கருவியின் பிறப்பு வேடிக்கையானது. ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுக்கு 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வழி கண்டார்கள். அதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பிலிம் விற்றே பிழைத்த கோடாக் நிறுவனத்தின் உள்ளேயே, ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் 1975-ல் பிலிம் இல்லாத முதல் கைக்காமிராவைச் செய்து முடித்தார். எடை சுமார் மூன்றரைக் கிலோ. படத்தில் 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் பிடித்தன. தன் வீட்டில் பிறந்த பிள்ளையைக் கோடாக் போதுமான அளவு நம்பவில்லை. 2012 ஜனவரியில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குச் சென்றது. 1995-ல் வந்த காசியோவின் ஒரு காமிராவில் முதுகுப்புறம் சிறு திரை இருந்தது. எடுத்ததை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம் என்ற ஆசை அதன் பின்னரே பரவியது.

நம் ஊருக்கு அது வளைகுடா நாடுகளின் வழியாக வந்தது. குவைத்திலும் துபாயிலும் உழைத்த நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, சென்ட் பாட்டிலும் போர்வையும் இருந்த பெட்டியில் வெள்ளி நிறத்தில் ஒரு சிறு காமிராவும் இருக்கும். சட்டைப் பையில் அடங்கும். ஐம்பது லட்சம் புள்ளிகள். அதனைக் கழுத்தில் மாட்டிய தம்பியைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் எல்லாம் நிற்பார்கள்.

முதலில் வந்த முறையீடு மின்கலம் பற்றியது. கடையில் விற்கும் சாதாரணப் பென்சில் செல்லைப் போட்டால் பத்துப் படத்துக்குள் காமிரா கண்ணை மூடிவிடும். "சாமி, ஏமாத்திட்டான்" என்று வருவார்கள். யாரும் ஏமாற்றவில்லை, அந்தச் செல் சுவர்க் கடிகாரத்துக்கு ஏற்றது, பிளாஷ் கேட்கும் வேகத்தில் மின்சாரம் தர அதனால் இயலாது. மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் செல் போட்டதும் அதே காமிரா நூறு படம் எடுத்தது.

அடுத்தது தேதி. செல்லைக் கழற்றி நெடுநாள் வைத்தால் உள்ளிருக்கும் கடிகாரம் தன் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். எடுக்கும் படங்களின் மூலையில் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் 01.01.2005 என்று விழும். ஒரு தந்தை தம் மகளின் வயதுக்குச் சான்றாக, பிறந்த மறுநாள் எடுத்த படத்தைக் கொண்டு வந்தார். தேதி அச்சாகவே இருக்கிறது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாதாடினார். நாம் திருமணப் பதிவேட்டைத் திறந்து காட்டினோம். அந்தத் தேதியில் அவருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. அவர் முகம் சிவந்ததையும், அருகில் நின்ற மனைவி முந்தானையால் வாயை மூடிக் கொண்டதையும் இன்றும் மறக்கவில்லை.

வேளாங்கண்ணிக்குப் போன பேருந்து ஒன்றில் நான்கு காமிராக்கள் சென்றன, இரண்டு திரும்பவில்லை. உடல்தான் திரும்பியது. பொத்தானை அமுக்கியதும் மூக்கை நீட்டும் லென்ஸ்க் குழாய்க்குள் கடற்கரை மணல் ஒரு துகள் புகுந்தால் போதும், 'கரக்' என்று பாதியில் நின்றுவிடும். பழுது பார்க்கக் கேட்ட கூலியில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வாங்கலாம். அக்காலத்துச் சில்லுகளில் ஒரு பிறவிக் குறையும் இருந்தது. சூடும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், சில்லினுள் இருக்கும் நுண்கம்பி இணைப்புகள் விட்டுப் போய், படம் கோணலாகவோ கருப்பாகவோ வரத் தொடங்கியது. தான் செய்து பல நிறுவனங்களுக்கு விற்ற சில்லுகளில் இக்குறை இருப்பதை 2005 அக்டோபரில் சோனி அறிவித்தது. பல நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர்ப் பாறை காயும் காய்ச்சலை நினைத்தால் எந்தச் சில்லுதான் தாங்கும்!

கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் நிகழ்ந்தது இன்னும் வேடிக்கை. 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் சுடர் எழுகிறது. கீழே மாடிதோறும் நிற்பவர்கள் கையிலிருந்து பளிச்சுப் பளிச்சென்று பிளாஷ் அடிக்கிறது. அந்தச் சிறு பிளாஷின் ஒளி எட்டுவது மூன்று அல்லது நான்கு மீட்டர். மலைக்குத் தன் வெளிச்சத்தைத் தர அது முயல்கிறது. முன்வரிசையில் நிற்பவரின் பின்னந்தலைதான் பிரகாசமாகப் படத்தில் விழுகிறது. நம் ஆலயத்தில் பாஸ்கா திருவிழிப்பிலும் இதே கதை. மெழுகுதிரி ஒளியில் மக்கள் நிற்கும் அழகை எடுக்க வேண்டும் என்றால் பிளாஷை அணைக்க வேண்டும். அணைத்தால் படம் ஆடும். மணல் தூவினாற் போலப் புள்ளி புள்ளியாகவும் வரும். அதற்குக் காரணம், அக்காமிராவின் சில்லு நம் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. பழைய முப்பத்தைந்து மில்லிமீட்டர்ப் பிலிமின் ஒரு கட்டத்தோடு ஒப்பிட்டால் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சிறு கிண்ணத்தை மழையில் வைத்தால் எவ்வளவு நீர் பிடிக்கும்? சுவர்மேலோ பெஞ்சின்மேலோ காமிராவை வைத்து, தானே எடுக்கும் கடிகாரத்தைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்து விடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தோம். அப்படி எடுத்த ஒரு திருவிழிப்புப் படம் இன்னும் சக்கிறீஸ்துவில் மாட்டியிருக்கிறது. எடுத்தவன் பத்தாம் வகுப்பில் தோற்ற பையன். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான்.

இவையெல்லாம் சிரித்து மறக்கக் கூடியவை. ஓரிரண்டு அனுபவங்கள் அப்படியல்ல.

2009-ஆம் ஆண்டு நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்கள் திருநாள். மாலையில் கல்லறை மந்திரிப்பு. தூறல் விட்டு விட்டுப் போட்டுக் கொண்டிருந்தது. மறுநாள் காலை, கணவரை இழந்து ஓராண்டு நிறையாத ஒரு சகோதரி மகனை இழுத்துக் கொண்டு வந்தார். காமிராவின் திரையை நம் முகத்தருகே நீட்டினார். கணவரின் கல்லறைமேல், பூமாலைக்குச் சற்று உயரே, வெண்மையான வட்டங்கள் ஆறேழு மிதந்தன. பக்கத்துக் கல்லறையில் ஒன்றும் இல்லை. "சாமி, அவரு வந்திருக்காரு" என்றார். அழவில்லை. ஓராண்டில் முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவைக் கண்டோம்.

என்ன சொல்வது? அவ்வட்டங்கள் எவை என்பது நமக்குத் தெரியும். கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று அந்தக் காமிராக்களில் பிளாஷை லென்ஸுக்கு இரண்டு விரற்கடைத் தூரத்தில் வைத்துவிட்டார்கள். லென்ஸுக்கு முன்னே ஒரு சாண் தூரத்தில் மிதக்கும் தூசியும் மழைத்துளியும் அந்த ஒளியை நேராகத் திருப்பியடிக்கும். அவ்வளவு அருகில் உள்ளதைக் கூர்மையாகப் பார்க்க லென்ஸால் முடியாது. ஆதலால் அத்துளி பருத்து வட்டமாகத் தெரியும். பிளாஷ் உயரே தள்ளி நின்ற பழைய காமிராக்களில் இது அரிது. தூபக்கலசத்தின் புகையும் தூறலும் சேர்ந்திருந்த அன்று, வட்டம் விழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். இம்மலையைச் சுற்றி வருவோரும் இரவில் எடுத்த படங்களில் இத்தகைய வட்டங்களைக் கண்டு, சித்தர்கள் என்று காட்டுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

அவரை அன்று ஒன்றும் சொல்லாமல் அனுப்பினோம். அது கோழைத்தனமா, பரிவா என்று இரண்டு நாள் நம்மை நாமே கேட்டுக் கொண்டோம். இறந்தோருக்காகச் செபிக்கக் கற்பிக்கும் திருச்சபை, அவர்களை வரவழைத்துக் காணத் தேடுவதைத் தடுக்கிறது; அந்தச் சகோதரியோ அதற்குள் தெருவில் நான்கு வீடுகளுக்குப் படத்தைக் காட்டிவிட்டார். மூன்றாம் நாள் இரவு தாயையும் மகனையும் ஆலயத்துக்கு அழைத்தோம். விளக்கை அணைத்துவிட்டு, உபதேசியாரை ஒட்டடைக் கோலால் ஒரு மூலையைத் தட்டச் சொன்னோம். மகன் படம் எடுத்தான். திரையில் நூற்றுக்கணக்கான வட்டங்கள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். "சரி சாமி, புரிஞ்சுது" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "ஆனா அந்தப் படத்தை அழிக்க மாட்டேன். நான் மெழுகுதிரி ஏத்துன நாள் அது" என்றார். அழிக்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை.

மற்றொருவர் நம் பக்கத்துத் தெருவில் வாழ்ந்த ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் தவறாதவர். மாலையில் நம்மோடு வந்து தமிழும் தத்துவமும் பேசுவார். நகரம் மலைக்குக் கிழக்கே இருப்பதால் நமக்குக் கதிரவன் மறைவது மலையின் பின்னேதான். ஒரு நாள் அந்திவேளையில் மருமகனின் காமிராவை மலைக்கு நேரே பிடித்தவர், திரையில் ஓர் ஒளித்தூண் மண்ணுக்கும் விண்ணுக்குமாக நிற்பதைக் கண்டார். இந்த மலையில் ஒளித்தூண் என்றால் அவருக்கு அது என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கை நடுங்கப் பொத்தானை அமுக்கினார். எடுத்த படத்தில் தூண் இல்லை. மறுபடி பிடித்தார், திரையில் இருந்தது. எடுத்தார், படத்தில் இல்லை. "கண்ணுக்குக் காட்டிவிட்டுப் படத்துக்குள் அடங்க மறுக்கிறது, ஐயா" என்று நம்மிடம் வந்து சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

இதனையும் நாம் அறிவோம். அக்காலத்துச் சில்லில் புள்ளிதோறும் சேர்ந்த மின்னூட்டம், தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவது போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே நகர்த்தப்படும். கதிரவன் போன்ற பேரொளி விழும் இடத்தைக் கடக்கும் வாளிகளில் எல்லாம் அவ்வொளி சிறிது சிந்தும். அந்த வரிசை முழுதும் மேலிருந்து கீழ்வரை வெளுத்துத் தூணாகத் தெரியும். படம் எடுக்கும்போது உள்ளே மூடி விழுந்து ஒளியை மறைத்துவிடுவதால், வாளிகள் இருட்டில் நகர்கின்றன, தூண் மறைகிறது. இதனை அவருக்குச் சொன்னோம். முகம் சுருங்கியது. பின்னர் கணித ஆசிரியருக்கே உரிய பிடிவாதத்தோடு, "சோதித்துப் பார்ப்போம்" என்று எழுந்தார். தெருவில் நின்ற ஸ்கூட்டரின் முன்விளக்கைப் போடச் செய்து காமிராவைப் பிடித்தார். ஸ்கூட்டரின் மேலும் ஒளித்தூண் நின்றது! அவர் சிரித்த சிரிப்பில் தெருநாய் குரைத்தது. "நல்ல வேளை, என் நம்பிக்கை இந்த டப்பாவைக் கேட்டு வந்ததில்லை" என்றார். அம்மாதப் பௌர்ணமிக்கும் மலையைச் சுற்றி வந்தார்.

அவரிடமிருந்துதான் நாம் ஒரு செய்தியை விரிவாக அறிந்தோம். இம்மலையடியில் வாழ்ந்த ரமண மகரிஷியைப் படம் பிடித்தவர் பலர். சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி ஆண்டுக்கணக்கில் வந்து எடுத்தார். இன்று எங்கும் காணும் மார்பளவுப் படம் பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் 1946-ல் எடுத்தது. 1950 ஏப்ரலில் மகரிஷி மரணப் படுக்கையில் இருந்தபோது, பிரான்சு நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெசோன் மனைவியுடன் இங்கு வந்து தங்கியிருந்தார். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவரும் இவரே. அவர் கையில் இருந்தது லைக்கா. திரைப்படச் சுருளைப் பயன்படுத்திக் கைக்கு அடக்கமாகச் செய்து, 1925-ல் விற்பனைக்கு வந்த காமிரா அது. நம் சட்டைப் பைக் காமிராவுக்குப் பாட்டன் என்றே சொல்லலாம். ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மகரிஷி மறைந்தார். அதே நேரத்தில், தான் கண்டிராத வகையில் ஒளிவால் கொண்ட ஒரு விண்மீன் தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து மலையுச்சியின் பின்னே மறைந்ததைக் கண்டதாக அந்தப் படக்கலைஞர் அங்கிருந்தவர்களிடம் சொன்னார். அவர் வாய்ச்சொல்லே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் சாட்சி என்பதால் நம் ஆசிரியர் அதனை மிகவும் மதித்தார். நாம் அதைப் பற்றி அவரோடு வாதிடவில்லை.

நிற்க. அந்தக் காமிராவை உடனே எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை என்றோமே, அதற்கு வருவோம்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் குவைத்தில் ஓட்டுநராக இருந்தார். 2006-ல் அங்கே ஒரு காமிரா வாங்கினார். 2007 மே மாதம் விடுமுறையில் வந்து, தங்கை மகளின் புதுநன்மை விழாவைத் தாமே படம் எடுத்தார். திரும்பும்போது காமிராவைத் தங்கையிடம் விட்டுச் சென்றார். 2008 பிப்ரவரியில் அவருடைய தாயார் இறந்தார். முதலாளியிடம் கடவுச்சீட்டு இருந்தமையால் அவரால் அடக்கத்துக்கு வர இயலவில்லை. நாமே அடக்கம் செய்து வைத்தோம்.

அவ்வாண்டு மே மாதம் பங்குத் திருவிழா. ஸ்டூடியோக்காரர் கேட்ட தொகை அதிகம் என்று தோன்றியது. அந்தத் தங்கையிடம் காமிராவை இரவல் வாங்கினோம். தேர் ஆலய வாசலை விட்டு நகரும் நேரம், பொத்தானை அமுக்கினால் படம் விழவில்லை. மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று திரை சொன்னது. 512 மெகாபைட் அட்டை. ஏறக்குறைய இருநூறு படம் பிடிக்கும். பின்னால் மேளம், முன்னால் கூட்டம், தேர் நகர்கிறது. பட்டியலைத் திறந்தோம். 'பார்மட்' என்றிருந்தது. எல்லாம் அழியும், சம்மதமா என்று அது கேட்கவும் செய்தது. ஓராண்டுக்கு முந்தைய படங்கள், எப்போதோ கழுவி வாங்கியிருப்பார்கள் என்று எண்ணினோம். தங்கை பத்தடி தூரத்தில் செபமாலை சொல்லிக் கொண்டு நடந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சம்மதம் என்று அமுக்கினோம். 83 படங்கள் எடுத்தோம், நன்றாகவே வந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றிக் கொண்டு, மறுநாள் காமிராவை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

ஜூன் மாதம் அவர் வந்தார். தாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு நேரே நம்மிடம் வந்து, பூசைக்குக் காணிக்கை கொடுத்தார். தாயாரின் படம் ஒன்றைப் பெரிதாக்கி வீட்டில் மாட்ட வேண்டும், புதுநன்மை அன்று எடுத்ததுதான் கடைசி, எந்த ஸ்டூடியோவில் கொடுக்கலாம், சாமி, என்று கேட்டார். அக்கணம் நம் அடிவயிற்றில் விழுந்த குளிர்ச்சியை இப்போதும் உணர்கிறோம். ஒரு படமும் கழுவப்படவில்லை. யாரும் வேறெங்கும் ஏற்றியும் வைக்கவில்லை. அந்த அம்மையார் வாழ்நாளில் ஸ்டூடியோவுக்குப் போனவரல்லர்; வாக்காளர் அட்டையில் இருந்த மங்கலான முகம் தவிர வேறு படமில்லை.

உட்காரச் சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். "நான் வரேன், சாமி" என்று எழுந்து போனார்.

அன்றே காமிராவை வாங்கிக் கொண்டு தேரடித் தெருவில் இருந்த ஸ்டூடியோ இளைஞரிடம் ஓடினோம். காசு மிச்சம் பிடிக்க எவரைத் தவிர்த்தோமோ, அவரிடமே. அவர் முதலில் கேட்டது, "இதுக்கு அப்புறம் வேற ஏதாச்சும் எடுத்தீங்களா, பாதர்?" என்பதே. திருவிழாவுக்குப் பின் ஒன்றும் எடுக்கவில்லை. தங்கை அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பார்மட் செய்தால் படங்கள் அழிவதில்லை என்று அவர் விளக்கினார். பங்குப் பதிவேட்டின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்தெறிவது போன்றது அது. ஏடுகள் உள்ளேயே இருக்கும். எங்கே எவர் பெயர் என்பதுதான் தெரியாமல் போகும். ஆனால் அடுத்து எழுத வருபவர், ஏடு காலி என்று எண்ணி, இருப்பதன் மேலேயே எழுதுவார். நாம் எழுதியிருந்தோம், 83 படங்கள்.

இரவெல்லாம் கணினி தேடியது. முழுதாகத் திரும்பி வந்தவை 112. சிதைந்து வந்தவை ஒன்பது. முழுமையான படங்களில் பாலைவனமும், லாரியும், உடன் வேலை செய்த நண்பர்களும், புதுநன்மை விருந்தும் இருந்தன. அந்த அம்மையார் அவற்றில் இல்லை. அவர் இருந்த படங்கள் நான்காம். மூன்றின் மேல் நம் தேர் ஏறிப் போய்விட்டது. சிதைந்த ஒன்பதில் ஒன்றில் அவர் இருந்தார். அவ்வப்போது இடையிடையே அழித்து அழித்து எடுத்ததால் சில படங்கள் அட்டையில் இரண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் பதிந்திருக்கும் என்றும், இப்படத்தின் முதல் துண்டு தப்பியது என்றும் ஸ்டூடியோ இளைஞர் சொன்னார். மேற்பாதியில் வெள்ளைச் சேலை முக்காடும், வெற்றிலை மென்ற வாயும், பேத்தியைப் பார்த்துச் சாய்ந்த கண்களும். கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம், சிலேட்டுப் பலகை போல.

அவ்விளைஞர் கூலி வாங்க மறுத்தார். கீழ்ப்பாதியை வேறொரு சேலையால் நிரப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். மகனைக் கேட்டோம். "வேணாம். அம்மா எவ்வளவு இருக்காங்களோ, அவ்வளவு போதும்" என்றார். சாம்பல் பாதியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கினார்கள். அது அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் திரு இருதயப் படத்தின் கீழே தொங்குகிறது. வீடு மந்திரிக்கப் போகும்போதெல்லாம் நாம் அதன் எதிரில் நிற்க நேரிடுகிறது.

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பங்குப் பதிவேடுகளின் பிரதியை ஆண்டுதோறும் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்திருந்தது. குருமடத்தில் அதைப் படித்தபோது எழுத்தர்களுக்கு வேலை கொடுக்கும் விதி என்று நண்பர்களோடு சிரித்திருக்கிறோம். ஜூன் 2008-க்குப் பின் சிரித்ததில்லை. அன்று மீண்ட படங்கள் அனைத்தையும் மூன்று குறுந்தகடுகளில் பதிந்து, ஒன்றை அவரிடமும் ஒன்றைத் தங்கையிடமும் ஒன்றை நம்மிடமும் வைத்தோம். இப்போது குறுந்தகட்டைப் போடப் பெட்டியே கிடைப்பதில்லை என்பதால் இரண்டு முறை வேறு கருவிகளுக்கு மாற்றியும் இருக்கிறோம். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கும் நம் குடும்பத்தார், பெற்றோரின் படம் ஒன்றையாவது காகிதத்தில் அச்சிட்டிருக்கிறார்களா என்று வீட்டுச் சந்திப்பில் நாம் கேட்பதைச் சிலர் வினோதமாகப் பார்க்கிறார்கள்.

குவைத்துக்குத் திரும்பும் முன் அவர் காமிராவைக் கொண்டு வந்து நம் மேசைமேல் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும், சாமி. கோயிலுக்கு ஆகும்" என்றார். அது மன்னிப்பா, அல்லது அதை இனித் தொட விரும்பாமையா என்பதை நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவரிடமிருந்து வாழ்த்து வருகிறது. மாற்றலாகிச் சென்ற பங்குகளுக்கெல்லாம் அந்தக் காமிரா நம்மோடு வந்தது. ஒரு படம்கூட நாம் எடுத்ததில்லை. இதற்கிடையில் உலகமும் அதனைக் கைவிட்டது. 2010-ல் சப்பானிய நிறுவனங்கள் ஓராண்டில் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல்; 2023-ல் 80 லட்சத்துக்கும் குறைவு. கைப்பேசி எல்லாவற்றையும் விழுங்கிற்று.

சென்ற வாரம் அந்தப் பெண்ணின் ஆயாவைக் கோவிலில் பார்த்தோம். அவர்தான் அந்தத் தங்கையின் மாமியார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியானால் காமிரா கேட்டு வந்தவள், அன்று புதுநன்மை வாங்கியவளின் தங்கை. பேத்தியைப் பார்த்துச் சாய்ந்த அந்தக் கண்களின் இளைய பேத்தி. பாட்டி இறந்தபோது அவள் கைக்குழந்தை.

ஞாயிறன்று வந்தாள். அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தோம். புதிதாக வாங்கி மின்னேற்றிய செல்லும் போட்டிருந்தோம். பொத்தானை அமுக்கியதும் அது மூக்கை நீட்டி உயிர் பெற்றது. அவள் துள்ளினாள். திரையைப் பார்த்துவிட்டு, "கார்டு இல்லைன்னு காட்டுதே, பாதர்?" என்றாள்.

புது அட்டை ஒன்றை வாங்கிக் கொள்ள இருநூறு ரூபாய் கொடுத்தோம். பழையது பதிவேடுகளோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.